யூனிட்டுக்கு எத்தனை பக்கம்?

இலக்கியம் பேசும் இடத்தில் வரைகலை அட்டைக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் இருக்கக்கூடும். கடைத்தெருவில் கிராஃபிக்ஸ் கார்டு என்று வழங்கும் இப்பொருள் கணினி விளையாட்டுப் பிரியர்களுக்கு மட்டும் உரியதாக இருந்த காலம் போய்விட்டது. பழைய அச்சு நூலின் ஒளிப்படத்தைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றுவதும், ஒலிநாடாவில் கிடக்கும் பாரதக் கூத்தைக் கேட்டு எழுதித் தருவதும், எழுதியதைப் பிழை பார்ப்பதும் இன்று இந்த அட்டையின் மேல்தான் நடக்கின்றன. ஆகவே எந்த அட்டை நல்லது என்ற கேள்வி தமிழ் நூல்களின் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

உத்திரமேரூரிலும் அதைச் சுற்றிய சிற்றூர்களிலும் வாழும் எங்கள் சிறு வட்டத்தில் சில மாதங்களாக இதுவே பேச்சு. கையில் இருக்கும் பொதுப்பணம் ஒரே ஓர் அட்டைக்குத்தான் காணும். சந்தையில் உள்ளதிலேயே வேகமானதை வாங்கிவிட வேண்டும் என்பது இளையவர்களின் கட்சி. கூத்துப் பாடியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள், நாடாக்கள் பூஞ்சை பிடிக்கின்றன, காலம் காத்திருக்காது என்கிறார்கள். கரண்டு பில்லை யார் கட்டுவது என்பது மூத்தவர்களின் கட்சி. இரண்டு கட்சியும் பாதிக் கணக்கையே பேசுகின்றன என்பது எங்கள் எண்ணம். வேகத்தை மட்டும் ஒப்பிடுவதும் வாட்டை மட்டும் ஒப்பிடுவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு வேலை கிடைக்கிறது என்பதே சரியான கேள்வி. அந்த வேலை எது என்று சொல்லாமல் அக்கேள்விக்கு விடையும் இல்லை.

முதலில் இந்த அட்டை செய்வது என்ன என்று பார்த்துவிடுவோம். கணினியின் மையச் செயலியை ஒரு தேர்ந்த ஏடெழுதுபவருக்கு ஒப்பிடலாம். எந்தச் சிக்கலான வேலையையும் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து முடிப்பார். வரைகலை அட்டையோ நாற்று நடவுக்கு இறங்கிய கூட்டம். ஒவ்வொருவர் செய்வதும் எளிய, ஒரே மாதிரியான வேலை. ஆனால் ஆயிரக்கணக்கான கைகள் ஒரே சமயத்தில் குனிந்து நிமிர்கின்றன. 2022இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090இல் அத்தகைய கைகள் 16,384. 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090இல் 21,760. படத்தின் புள்ளிகளுக்கு வண்ணம் தீட்டுவதும், எழுத்தை இனங்காணும் நரம்பு வலைப்பின்னலின் பெருக்கல்களைச் செய்வதும் இந்த நடவு வகையைச் சேர்ந்த வேலைகளே. விளையாட்டுக்கென்று பிறந்த பொருள் தமிழுக்குப் பயன்படுவது இதனால்தான்.

இனி எண்களுக்கு வருவோம். வினாடிக்கு ஒரு லட்சம் கோடி தசமக் கணக்குகளை ஒரு டெராஃப்ளாப் என்பர். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080, 180 வாட் வரம்புக்குள் ஏறத்தாழ 8.9 டெராஃப்ளாப் தந்தது. 2020இன் ஆர்டிஎக்ஸ் 3090 தந்தது 350 வாட்டில் 35.6. ஆர்டிஎக்ஸ் 4090 தருவது 450 வாட்டில் 82.6. ஆர்டிஎக்ஸ் 5090 தருவது 575 வாட்டில் 104.8. விளம்பரங்களும் விமர்சனங்களும் இந்த ஏறுமுகத்தைத்தான் காட்டும். ஒன்பது ஆண்டில் கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு என்பது வியக்கத்தக்கதே.

இதே எண்களை வாட்டால் வகுத்துப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. ஒரு வாட்டுக்கு 1080 தந்தது 49 கிகாஃப்ளாப். 3090 தந்தது 102. 4090 தருவது 184. 5090 தருவது 182. அதாவது 2016 முதல் 2022 வரை ஏறிவந்த சிக்கனம், அடுத்த தலைமுறையில் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இருபத்தேழு விழுக்காடு கூடுதல் கணக்கு, இருபத்தெட்டு விழுக்காடு கூடுதல் மின்சாரம். நிறுவனங்கள் தாள்களில் தரும் உச்ச எண்கள் இவை. 2020க்குப் பின் வந்த அட்டைகளில் கணக்கு அலகுகளை எண்ணும் முறை மாறியதால், 1080க்கும் 3090க்கும் இடையே தெரியும் பாய்ச்சல் ஓரளவு ஊதிக் காட்டப்பட்டதும்கூட. ஆனால் 4090, 5090 இரண்டையும் ஒப்பிட அந்தத் தடை இல்லை. காரணமும் மறைபொருள் அன்று. இரண்டுமே தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் ஒரே தலைமுறை உற்பத்தி முறையில் வார்க்கப்பட்டவை. டிரான்சிஸ்டர்கள் 7,630 கோடியிலிருந்து 9,220 கோடியாகக் கூடின. ஆனால் ஒவ்வொன்றின் பசியும் குறையவில்லை. வயல் பெரிதாயிற்று, ஆட்களும் கூடினர், ஆளுக்கு உண்ணும் கவளம் அப்படியே இருக்கிறது.

ஒரு காலத்தில் அப்படி இருந்ததில்லை. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதே விகிதத்தில் அது உண்ணும் மின்சாரமும் குறையும் என்று ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவர் துணைவர்களும் 1974இல் காட்டினார்கள். முப்பதாண்டுக் காலம் கணினி உலகம் அந்த விதியின் நிழலில் வளர்ந்தது. 2005ஐ ஒட்டி அது செல்லாமல் போயிற்று. மின்னழுத்தத்தை அதற்கு மேல் குறைக்க முடியவில்லை. அதன்பின் வேகம் வேண்டுமென்றால் மின்சாரம் கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்ற நிலை வந்தது.

எவ்வளவு கொடுத்து வாங்குகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சில்லு உண்ணும் மின்திறன், அதன் துடிப்பு வேகத்தோடும் மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தோடும் சேர்ந்து ஏறுவது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் அழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். ஆகவே உச்சியை நெருங்க நெருங்கச் செலவு மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஓடுகிறது. இதையே திருப்பிப் போட்டால் நமக்கு ஆதாயம். வேகத்தையும் அழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் 0.9ஐ மும்முறை பெருக்கிய 0.729 பங்கு மின்சாரமே போதும். பத்து விழுக்காடு வேகத்தை விட்டுக்கொடுத்து இருபத்தேழு விழுக்காடு மின்சாரத்தைக் காப்பாற்றலாம். கிணறு ஆழமாக ஆழமாக ஒரு குடம் நீருக்கு இழுக்கும் கயிறு நீள்வதை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

இது ஏட்டுச் சுரைக்காயும் அன்று. 4090 வந்த நாள்முதல் பலரும் அதன் வரம்பை 450 வாட்டிலிருந்து 70 விழுக்காட்டுக்கு, அதாவது 315 வாட்டுக்கு இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். இழப்பு பெரும்பாலும் பத்து விழுக்காட்டுக்குள்ளேயே நின்றது. எனில் ஆலையிலிருந்து வரும்போதே ஏன் அந்த அளவில் வைக்கவில்லை? போட்டி விமர்சனப் பட்டியலில் நான்கு விழுக்காடு முன்னால் நிற்பதற்காக, அட்டை நூறு வாட்டுக்கு மேல் விழுங்கும்படி கட்டமைக்கப்படுகிறது. பட்டியலில் முதலிடம் அவர்களுக்கு, மின்கட்டணம் நமக்கு.

ஒப்பீட்டில் இன்னொரு வித்தையும் நடக்கிறது. 2025 ஜனவரியில் 5070 அட்டையை அறிமுகம் செய்த மேடையில், 549 டாலருக்கு 4090இன் திறன் என்று என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் அறிவித்தார். இரண்டு உண்மையான சட்டகங்களுக்கு இடையே செயற்கை நுண்ணறிவால் ஊகித்து வரைந்த சட்டகங்களைச் செருகி, எல்லாவற்றையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்த கணக்கு அது. விளையாட்டில் கண்ணுக்கு இதமாக இருந்தால் போதும், குற்றமில்லை. ஆனால் சுவடி பதிப்பித்தவர்களின் வழியில் வந்த நமக்கு இதற்கு ஒரு பெயர் தெரியும். அது இடைச்செருகல். மூலத்தில் இல்லாததைச் சேர்த்துப் பாட்டின் எண்ணிக்கையைக் கூட்டியவனைப் பதிப்பாசிரியர் மெச்சுவதில்லை. பழைய நூலின் பக்கத்தை எழுத்தாக்கும்போது நடுவில் இரண்டு வரியை அட்டை ஊகித்து எழுதினால் அது வேகம் ஆகாது, கேடு. ஆகவே சட்டக எண்ணிக்கையில் அமைந்த ஒப்பீடு எதையும் நம் வேலைக்கு அளவுகோலாகக் கொள்ளலாகாது.

நம் வேலைக்கு அளவுகோல் எது என்றால், அதுவும் ஒன்றாக இல்லை. பெரிய மொழி மாதிரிகள் ஒவ்வொரு சொல்துண்டாக எழுதும்போது, கணக்கு வேகத்தைவிட நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரும் வேகமே தடையாக நிற்கிறது. அந்த வேகம் 3090இல் வினாடிக்கு 936 கிகாபைட், 4090இல் 1,008, 5090இல் 1,792. ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸில் 960. இவற்றை அட்டைகளின் உச்ச வாட்டால் வகுத்தால் 3090க்கு 2.7, 4090க்கு 2.2, 355 வாட் கொண்ட ரேடியானுக்கு 2.7, 5090க்கு 3.1. சற்றுமுன் சிக்கனத்தில் தேங்கிவிட்டதாகச் சொன்ன 5090 இங்கே முதலிடம் பெறுகிறது. இரண்டாண்டு முந்திய 3090, தன்னைவிட இருமடங்குக்கு மேல் வேகம் என்று விற்கப்பட்ட 4090ஐத் தாள் கணக்கில் முந்துகிறது. இந்த வேலையில் அட்டைகள் தம் உச்ச வாட் முழுவதையும் இழுப்பதில்லை என்பதால் இவ்விகிதங்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. வேலை மாறினால் வரிசை மாறும், அளந்து பார்த்தால் இன்னும் மாறும் என்பதுதான் இதிலிருந்து நாம் கொள்ளவேண்டியது.

நினைவகத்தின் கொள்ளளவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 3,000 கோடி எண்களால் ஆன மொழி மாதிரியை, ஓர் எண்ணுக்கு அரை பைட் வீதம் சுருக்கினாலும் 15 கிகாபைட் இடம் பிடிக்கும். 16 கிகாபைட் அட்டையில் அது முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காரும், 24இல் காலை நீட்டிக்கொள்ளும். இடம் போதாவிட்டால் எத்தனை டெராஃப்ளாப் இருந்தும் பயனில்லை. மறுபுறம், ஒலியை எழுத்தாக்க 2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் நிரலின் பெரிய வடிவம் தமிழையும் அறியும். அதற்குப் பத்து கிகாபைட் அளவே போதும். தெளிவான அச்சுப் பக்கங்களுக்கு டெசராக்ட் போன்ற திறமூல எழுத்துணரிகள் வரைகலை அட்டையே இல்லாமல் ஓடுகின்றன. எந்த வேலைக்கு அட்டை வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துக்கொள்வதே முதல் சிக்கனம்.

இனி எங்கள் ஊர்க் கணக்கு. தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லாமல் தரும் திட்டம் வந்தது. அந்த நூறு யூனிட்டை ஒரு படியாக வைத்து அளந்து பார்ப்போம். அட்டை மட்டுமே உச்ச வரம்பில் ஓடினால், 5090 அந்தப் படியை 174 மணி நேரத்தில், அதாவது நாளைக்கு மூன்று மணிக்கும் சற்றுக் குறைவாக ஓடியே காலி செய்துவிடும். 4090 நாளைக்கு 3.7 மணி நேரம் ஓடும். அதையே 315 வாட்டுக்கு இறக்கினால் 5.3 மணி நேரம். 2016இன் 1080 ஆனால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். விளக்கு, விசிறி, மிக்சி, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் ஒரு வீடு வைத்திருக்கும் படி இது என்பதை மறந்துவிடலாகாது. பழைய மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட் என்றால் 5090 ஏழு விசிறிக்கு மேல். வெளிநாட்டு விமர்சகருக்கு இந்த ஒப்பீடு தோன்றாது. அவர் வீட்டில் குளிர்காலத்தில் அட்டையின் வெப்பம் வரவேற்கப்படும் விருந்தாளியாகவும் இருக்கக்கூடும்.

இங்கே அது அழையா விருந்தாளி. அட்டை உண்ணும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே அறைக்குள் இறங்குகிறது. அக்கினி நட்சத்திர நாளில், ஓட்டு வீட்டிலோ தளம் காயும் மாடி அறையிலோ 575 வாட் அடுப்பு ஒன்று கூடுதலாக எரிகிறது. அதைக் குளிர்சாதனம் கொண்டு வெளியேற்றினால், மூன்று பங்கு வெப்பத்துக்கு ஒரு பங்கு மின்சாரம் என்ற தோராயக் கணக்கில் இன்னும் 190 வாட் சேரும். மின்தடையைத் தாங்க வீடுகளில் வைத்திருக்கும் 900 விஏ இன்வெர்ட்டர் ஏறத்தாழ 700 வாட் தாங்கும். 5090 பூட்டிய கணினியின் மொத்தத் தேவை அதையும் தாண்டும். மின்சாரம் போன நொடியில் இன்வெர்ட்டர் கைவிரித்தால், எழுதிக்கொண்டிருந்த கோப்பும் போகும். அட்டையை விற்பவர் காட்டும் பட்டியலில் இவை எதற்கும் கட்டம் கிடையாது.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். வேகமான அட்டை வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஓய்ந்துவிடும், ஆகவே வாட் கூடினாலும் யூனிட் கூடாது என்பர். உண்மைதான். 4090 ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு 0.45 யூனிட். அதையே 5090 நாற்பத்தேழு நிமிடத்தில் முடித்தால் அதற்கும் 0.45 யூனிட்தான். ஆனால் இக்கணக்கு நிரூபிப்பது என்ன? கூடுதல் பணத்துக்கு நாம் வாங்குவது பதின்மூன்று நிமிடத்தை மட்டுமே, சிக்கனத்தை அன்று. படப்பிடிப்புக் கூடத்துக்கு அந்த நிமிடங்கள் பொன். இரவெல்லாம் ஓடவிட்டுக் காலையில் பக்கங்களைச் சரிபார்க்க உட்காரும் வட்டத்துக்கு அவற்றால் என்ன பயன்? எங்கள் வேலையில் தடை அட்டையின் வேகம் அன்று. வெளிவந்த எழுத்தை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் கண்கள்தான் குறைவு. கூத்துப் பாட்டின் வட்டார வழக்கைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் காது எந்த அட்டையிலும் இல்லை.

சிக்கனமான அட்டை வந்தாலே மின்சாரம் மிச்சமாகிவிடும் என்று நம்புவதும் சரியன்று. நீராவி இயந்திரம் சிக்கனமானதால் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடத்தான் செய்தது என்று வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸ் 1865இலேயே எழுதினார். எளிதாகக் கிடைப்பதைக் கூடுதலாகச் செலவழிப்பது மனித இயல்பு. கைபேசியில் மட்டும் இது கட்டுக்குள் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் இணைக்கப்படும் கைபேசிகளுக்குள் இருக்கும் சில்லுகள் சில வாட்டுக்குள் அடங்கி வேலை செய்கின்றன. காரணம், பேட்டரி என்ற கறாரான கணக்கப்பிள்ளை கூடவே இருக்கிறார். சுவரில் செருகும் அட்டைக்கு அப்படியொரு கணக்கப்பிள்ளை இல்லை. நாம்தான் அந்த வேலையைப் பார்க்கவேண்டும்.

இதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. உலகின் அதிவேகக் கணினிகளை வேகத்தால் வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியல் 1993இல் தொடங்கியது. அதே கணினிகளை வாட்டுக்கு எத்தனை கணக்கு என்று வரிசைப்படுத்தும் கிரீன்500 பட்டியல் 2007இல் வந்தது. இரண்டாவது பட்டியல் வந்தபின் சிக்கனமும் பெருமைக்குரிய பந்தயமாயிற்று. நம் நாட்டில் குளிர்பதனப் பெட்டிக்கும் குளிர்சாதனத்துக்கும் எரிசக்தித் திறன் வாரியம் நட்சத்திர முத்திரை தருகிறது. 2023 முதல் மின்விசிறிக்கும் அது கட்டாயமாயிற்று. முப்பது வாட் விசிறிக்கு நட்சத்திரம் கேட்கும் நாடு, 575 வாட் அட்டையை ஏன் கேள்வி கேட்காமல் விடவேண்டும்? உச்ச வாட், சும்மா இருக்கும்போது இழுக்கும் வாட், முக்கால் வரம்பில் கிடைக்கும் வேகம் என்று மூன்று எண்களைப் பெட்டியின் மேல் அச்சிடச் சொன்னால் போதும். வாங்குகிறவர் மீதியைத் தாமே பார்த்துக்கொள்வார்.

கணக்குக் கேட்பது எங்கள் ஊருக்குப் புதிதும் அன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர் என்ற விதி அதே கல்லில் இருக்கிறது. ஏரி வாரியம் காத்த நீரும் எங்கள் வட்டத்தின் பணமும் பொதுச்சொத்து என்ற வகையில் ஒன்றுதான். பொதுச்சொத்தைச் செலவழிப்பவர் அதற்கு என்ன கிடைத்தது என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

ஆகவே வட்டத்தின் முன் நாங்கள் வைக்கும் யோசனை இது. இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து 5090 வாங்கவேண்டாம். 24 கிகாபைட் நினைவகம் கொண்ட முந்திய தலைமுறை அட்டை ஒன்று, நம்பிக்கையான கையிலிருந்து கிடைத்தால் அதைக் கொள்வோம். கிடைக்காவிட்டால் 16 கிகாபைட் கொண்ட, 300 வாட்டை ஒட்டிய புதிய அட்டை போதும். எதுவானாலும் அதன் வரம்பை முதல் நாளே முக்கால் பங்குக்கு இறக்கிவிடுவோம். செருகுமிடத்தில் மின்னளவி ஒன்றைப் பொருத்துவோம். மீதிப் பணத்தைப் பிழை திருத்துபவர்களுக்கும், நாடா வைத்திருப்பவர்களின் வீடு தேடிச் செல்லும் பயணத்துக்கும் ஒதுக்குவோம். இரண்டு மாதத்துக்கொருமுறை மின்கட்டணச் சீட்டு வரும் அன்று, எத்தனை யூனிட் செலவாயிற்று, எத்தனை பக்கம் திருத்தி முடிந்தது, எத்தனை மணி நேரக் கூத்து எழுத்தாயிற்று என்று எழுதி எல்லோரும் காணும்படி வைப்போம். அந்தத் தாளில் யூனிட்டுக்கு எத்தனை பக்கம் என்ற ஒற்றை எண் ஏறிக்கொண்டே போனால், நாம் வாங்கிய அட்டை நல்ல அட்டை.